எரிநட்சத்திரக் கணக்கு நோட்டு

என் பீரோவில் நகை வைக்க வேண்டிய லாக்கரில் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன என்று என் மருமகள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். மொத்தம் ஐந்து நோட்டுகள். அதில் பழையது அட்டை போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஒரு பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் ஊதா மையில், பிரெஞ்சில், 1961 டிசம்பர் 13 என்று தேதி போட்டிருக்கும். அதன் கீழே நான்கு நான்காக நிறுத்திய கோடுகள், ஒவ்வொரு நான்குக்கும் குறுக்கே ஒரு கோடு. எண்ணினால் 47 வரும். அத்தனையும் எரிநட்சத்திரங்கள். பார்த்தவர் என் அண்ணன். கோடு போட்டவள் நான். எனக்கு அப்போது பதினோரு வயது.

வேலையில் எப்போது சேர்ந்தீர்கள் என்று யாராவது கேட்டால் 1972 என்று சொல்வேன். சர்வீஸ் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் கிளார்க் ஆனது அந்த ராத்திரிதான் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

அப்போது எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். முன்கட்டு நாட்டு ஓடு, பின்கட்டுக்கு மட்டும் மொட்டை மாடி. அண்ணனுக்குப் பதினெட்டு வயது, பக்காலோரேயா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பௌதிகம் எடுக்க பிரான்சிலிருந்து ஓர் இளம் வாத்தியார் வந்திருந்தார். டிசம்பர் 13 ராத்திரி நடுநிசிக்கு மேல் வானத்தைப் பாருங்கள், ஜெமினிட் என்று ஓர் எரிநட்சத்திரக் கூட்டம் வரும், முடிந்தால் எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். வகுப்பில் வேறு யாரும் எழுந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அண்ணன் எழுந்தார். என்னையும் எழுப்பினார்.

"பாப்பா, எழுந்திரு. நோட்டு எடுத்துக்கிட்டு மாடிக்கு வா."

ஏன் என்னை என்றால், குனிந்து எழுதுகிற நேரத்தில் மேலே ஒன்று போய்விடும் அல்லவா? பார்க்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். அண்ணன் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு, திரியை இறக்கி, மேலே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தோம். அதன் இடுக்கு வழியாக நோட்டில் விழுகிற வெளிச்சம்தான் எனக்கு. அரை நிலா முன்னிரவிலேயே மேற்கே இறங்கியிருந்தது. தெருவில் மூலைக்கு ஒரு விளக்கு, அதுவும் அழுகிற விளக்கு. ஊர் அவ்வளவு இருட்டாக இருந்த காலம் அது.

ஒவ்வொன்று போகும்போதும் அண்ணன் "நோத்!" என்பார். எழுது என்று பிரெஞ்சில். பெரியதாக இருந்தால் "நோத், க்ராந்த்!" என்பார். நான் கோடு போடுவேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது போயிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் 47 கோடு போட்டேனே தவிர, என் கண்ணால் பார்த்தது ஐந்தோ ஆறோதான். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பல விஷயங்களில் அப்படியே ஆயிற்று, அது வேறு கதை.

அந்த ஐந்தாறைப் பார்த்ததிலும் எனக்கு ஒரு பயம். எங்கள் ஆயா சொல்லி வைத்திருந்தார்: நட்சத்திரம் விழறதைப் பார்த்தா மறதி வரும், உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துடணும். பள்ளிக்கூடத்தில் மா சேர் (கன்னியாஸ்திரி டீச்சர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லிக் கொடுத்தது இதற்கு நேர் எதிர். எத்துவால் ஃபிலாந்த் கண்ணில் பட்டால் கண்ணை மூடி மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொள்ள வேண்டும், வெளியே சொல்லக் கூடாது, பலிக்கும் என்பார். ஆகஸ்ட் மாதம் விழுபவற்றுக்கு சேன் லோரானின் கண்ணீர் என்று பெயர் என்றும் அவர்தான் சொன்னார். அந்தப் புனிதரின் திருநாள் ஆகஸ்ட் 10, அதையொட்டி விழுவதால் அந்தப் பெயர்.

நான் ஆயா கட்சி. ஒவ்வொன்று பார்த்ததும் கொல்லையில் இருந்த வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். நடுராத்திரியில் வேப்பமரம் எங்கே பச்சையாக இருக்கிறது? கறுப்பாகத்தான் நின்றது. இருந்தாலும் பார்த்தேன். அண்ணன் சிரித்தார். அவர் மா சேர் கட்சி. "நீ மரத்தைப் பாரு, நான் வேண்டிக்கிறேன்" என்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதியே புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். அந்த ஆறு மாதம் எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் சோறு இறங்கவில்லை என்று இதைப் படிக்கிற வயதானவர்களுக்குத் தெரியும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "இருக்கிற மண்ணை விட்டுட்டு எங்கே போறது" என்ற ஒரே வாக்கியம்தான் அவர் வாதம். அண்ணன் எழுதிக் கொடுத்தார். 1963 தொடக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் சேரக் கிளம்பிப் போய்விட்டார். நான் சிறுமி என்பதால் அப்பாவோடு இந்தியர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், இரண்டு நாட்டுக்காரர்கள்.

அதற்குப் பிறகு டிசம்பர் வந்தால் நான் தனியாக மாடி ஏறுவேன். பார்ப்பதும் நானே, எழுதுவதும் நானே. எண்ணிக்கை குறைந்துதான் வரும். அண்ணன் ஜிபூத்தியில் இருந்தபோது, 1966 டிசம்பரில், அமாவாசையை ஒட்டிய இருட்டில் பாலைவனத்தில் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் 112 எண்ணியதாகக் கடிதம் எழுதினார். அந்த வருடம் என் கணக்கு 19. நடுவில் மேகம். கடிதத்தை அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மேகம் என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் எரிநட்சத்திரம் பார்க்க நம் கடற்கரையைவிட மோசமான இடம் இருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை முழுசாகப் போயிருக்காது. பாதி வருடங்களுக்கு என் நோட்டில் "மேகம்" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. புயல் வந்த வருடங்களில் அதுவும் இல்லை. ஆனால் வானத்தைப் பார்க்க வந்து புதுச்சேரியில் மேகத்தைப் பார்த்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை. லெ ழாந்தி என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதை அளக்க 1760இல் பிரான்சை விட்டுக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட, 1761இல் ஆடுகிற கப்பலில் இருந்துதான் பார்க்க முடிந்தது. அளவு எதுவும் உருப்படியாக எடுக்க முடியவில்லை. அடுத்தது 1769இல் என்பதால் ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கமே எட்டு வருடம் காத்திருந்தார். புதுச்சேரியில் இடிந்து கிடந்த கட்டடத்தின் மேல் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை. அதற்கு முன் நாட்களெல்லாம் தெளிவாக இருந்த வானம் அன்று மட்டும் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. ஊருக்குத் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாக நினைத்து உறவினர்கள் சொத்தைப் பங்கு போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேகம் வந்தால் போர்வையை மடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான், என் சொத்தை யாரும் பங்கு போடவில்லை. பிரெஞ்சில் படித்ததால் எனக்குக் கிடைத்த லாபங்களில் ஒன்று அந்த மனிதரின் பயண நூலைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. இன்னொன்று, ஆபீசில் பழைய பிறப்புப் பதிவேடுகளையும் நொத்தேர் பத்திரங்களையும் படிக்கத் தெரிந்தவள் என்று எல்லாரும் என் மேசைக்கு அனுப்பி, என் சொந்த ஃபைல்களை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்தது.

எண்ணாத வருடங்களும் உண்டு. 1974இல் அப்பா தவறிப்போனார். தந்தி கொடுத்தோம். அண்ணனால் வர முடியவில்லை. ராணுவத்தில் லீவு என்பது நம் ஆபீஸ் கேஷுவல் லீவு இல்லை என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. கொள்ளி வைக்க மகன் இருந்தும் சித்தப்பா பிள்ளை வைத்தார் என்ற ஆற்றாமையில் ஒரு கடிதம் எழுதினேன். அதில் எழுதியதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு வருடம் எங்களுக்குள் கடிதமே இல்லை. 1974இல் அமாவாசை சரியாக டிசம்பர் 13இலேயே வந்தது. ஜெமினிட் பார்க்க அதைவிட நல்ல வருடம் அமையாது. நோட்டில் அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் "எண்ணவில்லை" என்று இருக்கிறது. அடுத்த வருடமும் அதே. பிறகு என் கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். வந்தவர் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான். இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

இந்த எரிநட்சத்திரம் என்பது என்ன என்று என் பேரன் கேட்டபோது சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நட்சத்திரம் எதுவும் விழுவதில்லை. தார்ப்பாய் போடாமல் போகிற மணல் லாரி வழியெல்லாம் மணல் சிந்திக்கொண்டே போகும் இல்லையா, அதுபோல வானத்தில் ஒரு பொருள் தன் பாதை நெடுகத் தூசியும் பொடிக்கல்லும் சிந்தி வைத்திருக்கிறது. பூமி வருடத்துக்கு ஒரு தரம், டிசம்பர் நடுவில், அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கிறது. அந்தப் பொடிகள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைகின்றன. அந்த வேகத்தில் இங்கிருந்து சென்னைக்குப் போக ஐந்து நொடிகூட வேண்டாம். நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டியே எரிந்து ஒளிவிட்டு முடிந்துவிடுகின்றன. நாம் வாயைப் பிளந்து பார்க்கிற அந்த ஒளிக்கோட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு மணல், மிஞ்சிப்போனால் ஒரு பட்டாணி.

வாணம் விட்டாற்போல எல்லாத் திசையிலும் ஓடினாலும், வந்த வழியே பின்னோக்கிக் கோடு இழுத்தால் எல்லாம் மிதுன ராசியில், புனர்பூசத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேரும். புனர்பூசம் என்று நாம் சொல்வதையே பிரெஞ்சில் காஸ்தோர், போலுக்ஸ் என்ற இரட்டையர் என்று படித்தோம். ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு அது நம் ஊரில் கிட்டத்தட்ட தலைக்கு மேல், கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால்தான் நமக்கு ஆகஸ்டைவிட டிசம்பர் நல்லது. ஆகஸ்டில் விழுபவை புறப்படும் இடம் வடக்கே தாழ்ந்து கிடப்பதால் பிரான்சில் தெரிகிற அளவு இங்கே தெரிவதில்லை.

லாரி எது என்று 1961இல் யாருக்கும் தெரியாது. வால் நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1983இல் ஒரு செயற்கைக்கோள் எடுத்த படங்களில் அது அகப்பட்டது. வால் நட்சத்திரம் இல்லை, ஐந்தாறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பாறை. சூரியனுக்கு இரண்டு கோடி கிலோமீட்டர் கிட்டத்தில், புதன் கிரகத்தையும் தாண்டி உள்ளே போய்க் கருகிவிட்டு வருகிறது. ஒரு சுற்றுக்குப் பதினேழு மாதம். சூரியனின் தேரை ஓட்டப்போய் மாண்ட பையன் ஃபேத்தானின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இதை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்து, வெட்டி எடுத்து எனக்கு அனுப்பியதும் அண்ணன்தான்.

எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது 1993இல். அந்த டிசம்பரிலும் அமாவாசை 13ஆம் தேதி. ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தது. அண்ணன் அப்போது ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று தூலோன் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தார். அவருக்கு மணி ஒன்பதரை. பால்கனியில் நிற்கிறாராம். என் டெலிபோன் ஒயர் மாடிப்படி வரைக்கும்தான் எட்டும். நான் மேல்படியில் நின்று, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப ஒண்ணு போச்சு பாப்பா, வடக்கால, பெரிசு. பாத்தியா?"

"இல்லண்ணா."

"நல்லாப் பாரு. இதோ இன்னொண்ணு."

நான் பார்த்தது எதுவும் அவர் சொன்னதோடு ஒத்துவரவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிவது சுற்றுவட்டாரத்தில் சில நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பிரான்சில் விழுவது இங்கே தெரிய வழியே இல்லை. பூமி உருண்டை. அடுத்த முறை பேசும்போது இதைச் சொன்னேன். எனக்கு எப்போதும் திருத்திச் சொல்லியாக வேண்டும், ஆபீஸ் பழக்கம். லைனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப என்னோடது எனக்கு, உன்னோடது உனக்கா?" என்றார்.

"ஆமாண்ணா. ஆனா சிந்தினது ஒரே லாரிதான்" என்றேன். சிரித்தார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பேச்சை முடிக்கும்போது "உன்னோடது எத்தனை?" என்று கேட்பார். சொல்வேன். அவருடையதையும் சேர்த்து நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுவேன். நிலா இருந்தால் இருவருக்கும் பூஜ்யம்.

இந்த ஐந்து வருடமாக அண்ணனுக்கு மறதி. முதலில் சாவி, கண்ணாடி என்று ஆரம்பித்தது. பிறகு கடைக்குப் போனவருக்கு வீடு தெரியவில்லை. டாக்டர்கள் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு முதலில் போனது. அறுபது வருடம் பேசிய மொழி போய், தமிழ் மட்டும் மிச்சம் இருக்கிறது, அதிலும் சின்ன வயதுத் தமிழ். அங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணன் மகளுக்குத் தமிழ் அரைகுறை. அப்பா பேசுவது புரியவில்லை அத்தை என்று எனக்குப் போன் போட்டு, அவர் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் நிற்பாள். நான் பிரெஞ்சில் சொல்வேன். பழைய பதிவேட்டை மொழிபெயர்த்துக் கொடுத்த மாதிரிதான், என்ன, அப்போது கை நடுங்கியதில்லை.

ஆயா சொன்னதை நான் நம்பவில்லை. நம்பினால் ஜிபூத்தியில் மரமே இல்லையே என்று யோசிக்க வேண்டி வரும். ஆனால் அந்த வேப்பமரம் ஞாபகத்துக்கு வராமல் இல்லை.

இந்த 2023 டிசம்பரில் ஜெமினிட் உச்சம் 14ஆம் தேதி ராத்திரி. அமாவாசை முடிந்த மறுநாள், நிலாத் தொந்தரவு கிடையாது. லாஸ்பேட்டையில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டு மாடியில் தெரு விளக்கும் எதிர் அபார்ட்மென்ட் விளக்கும் சேர்ந்து பகல் மாதிரி. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு எனக்கு நட்சத்திரம் நன்றாகவே தெரிகிறது, வானம்தான் தெரிவதில்லை. பாகூர் பக்கம் ஒரு தெரிந்தவரின் வயல் வீடு இருக்கிறது, அங்கே அழைத்துப் போ என்று மகனிடம் கேட்டேன்.

"எழுபத்து மூணு வயசுல, நடுராத்திரி, பனியில, வயக்காட்டுல. சரிம்மா" என்றான். அவன் "சரிம்மா" என்பதில் எவ்வளவு சரி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வண்டியை எடுத்தான். பேரனும் வந்தான். பன்னிரண்டு வயது. கோரைப்பாய், இரண்டு போர்வை, மூன்று பேருக்கும் குல்லா, ஃபிளாஸ்கில் காப்பி, கொசுவத்திச் சுருள், புது நோட்டு, பென்சில். டார்ச் விளக்குக்குச் சிவப்பு ஜெலட்டின் பேப்பர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு முறை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே பேரனின் போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அவன் முகம் போன போக்கை இருட்டில் பார்க்க முடியவில்லை, நல்லதுதான்.

வயல் வீட்டு மாடியில் பாயை விரித்தோம். மழை பெய்து நின்ற வயல், தவளைச் சத்தம் காதை அடைத்தது. தெற்கே கடலூர்ப் பக்கம் வானம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது, மற்றபடி இருட்டு. மேகம் துண்டு துண்டாக வந்து போனது. கார்த்திகை மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது, திருவாதிரை செக்கச்செவேல் என்று நின்றது. மிருகசீரிடத்துக்குக் கீழே வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும், அவற்றை மா சேர் மூன்று ராஜாக்கள் என்பார் என்று பேரனுக்குக் காட்டினேன். அவனுக்கு அதைவிடத் தவளை சுவாரசியமாக இருந்தது.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. "பாட்டி, வராதா?" என்று அவன் கேட்டு வாயை மூடுவதற்குள் புனர்பூசத்திலிருந்து கிழக்கே ஒன்று, மெதுவாக, வெண்மையாக, வயலுக்கு மேலே பாதி வானம் ஓடி அணைந்தது. பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஜெமினிட் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் போகும், "அங்கே பார்" என்று சொல்ல நேரம் கொடுக்கும்.

"கோடு போடு" என்றேன்.

"நானா?"

"நீதான். நான் பார்க்கணும்." எழுபது வருடத்தில் இதைக் கேட்க எனக்கு இப்போதுதான் தைரியம் வந்தது.

சரியாக இரண்டு மணிக்கு அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். மகன் போனை வாங்கி, திரை வெளிச்சம் படாமல் போர்வைக்குள் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். அங்கே மேகமாம், அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தூங்கவில்லை, ஆனால் இன்று யாரையும் தெரியவில்லை அத்தை என்றாள். பரவாயில்லை, காதில் வை என்றேன்.

"அண்ணா, நான்தான்."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பாகூர்ல இருக்கேண்ணா. எரிநட்சத்திரம் பாக்க வந்திருக்கோம்."

"யாரு?" என்றார்.

பெயரைச் சொன்னேன். "யாரு?" என்று மறுபடி கேட்டார். கோபம் இல்லை, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியும் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த நேரத்தில் தலைக்கு நேர் மேலே ஒன்று போயிற்று. நன்றாகப் பெரியது, பின்னால் புகை மாதிரி ஒரு கீற்று ஒரு நொடி நின்றது. என்னை அறியாமல் "ஹா, ஒண்ணு!" என்று கத்திவிட்டேன்.

"நோத்!" என்றது போன்.

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பேரனைத் தொட்டு, போடு என்று சைகை செய்தேன். அடுத்தது வர இரண்டு நிமிடம் ஆயிற்று. "இன்னொண்ணுண்ணா." "நோத்!" குரல் கணீரென்று இருந்தது. எண்பது வயதுக் குரல் இல்லை. அதற்கடுத்ததைச் சொன்னதும், "பாப்பா எழுதறாளா? தூங்கிட்டாளா பாரு. நோட்டு அவகிட்டதான் இருக்கு" என்றார்.

"முழிச்சிட்டுதான் இருக்காண்ணா. எழுதறா."

"மரத்தைப் பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

இருபது நிமிடம் போல இருந்தார். பிறகு நான் சொன்ன ஒன்றுக்குப் பதில் வரவில்லை. தூங்கிவிட்டார் அத்தை, கழுத்து சாய்ந்துவிட்டது, படுக்க வைக்கிறேன் என்றாள் அண்ணன் மகள். அழுதுகொண்டிருந்தாள் போல. இவ்வளவு நாளில் அவர் தானாகப் பேசிய பிரெஞ்சு இது ஒன்றுதான் என்றாள். நாங்கள் மூன்றரை மணி வரைக்கும் இருந்தோம். அப்புறம் கிழக்கேயிருந்து மேகம் ஏறி முழுசாக மூடிவிட்டது. பேரன் பாயிலேயே தூங்கிப் போனான், பென்சில் கையில்.

வீட்டுக்கு வந்து காலையில் நோட்டைச் சரிபார்த்தேன். பையன் கோடு கோணல்மாணலாக இருந்தாலும் கணக்கு சரியாக இருந்தது. கீழே நான் எழுதினேன்:

14–15 டிசம்பர் 2023. பாகூர். ராத்திரி 1.15 முதல் 3.30 வரை. மேகம் கால் பங்கு. மொத்தம் 61. பார்த்தது நான், கோடு பேரன். இதில் 9 அண்ணனோடு.